10 நாள் ஸ்கேட்போர்டு முகாம்: சொல்லித்தர எத்தனை பேர், எந்தச் சாமான், எங்கே சொதப்பும்?

ஈசிஆர்_வாசி

வணக்கம். எங்க குடியிருப்போர் சங்கம் சார்பா மே மாசம் பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு முகாம் போடுறோம். 10 நாள், காலையில ரெண்டு மணி நேரம். 7 வயசுல இருந்து 14 வயசு வரை 20 பிள்ளைங்க. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பாஸ்கெட்பால் கோர்ட் தர்றாங்க, மேல பச்சை அக்ரிலிக் பூச்சு. கோவளம் பக்கம் நல்லா ஓட்டுற ரெண்டு காலேஜ் பையன்கள் சொல்லித்தர வர்றாங்க. இப்போதைக்கு 10 போர்டு வாங்கக் காசு இருக்கு. என் கேள்விகள்:

சின்னப் பிள்ளைக்கு எந்த சைஸ் போர்டு? 20 பேருக்கு ரெண்டு பேர் போதுமா? 10 நாள்ல எதுவரை சொல்லித்தரலாம்? பெற்றோர்ல பாதிப் பேர் ரோலர் ஸ்கேட்டிங் கிளாஸ்னு நினைச்சுப் பேர் கொடுத்திருக்காங்க, அது வேற தலைவலி. மரத்துல சின்னதா ஒரு சரிவு செஞ்சு போடணும்னும் ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நாலுசக்கரம்

முதல்ல காசை எங்கே போடுறதுன்னு பார்ப்போம். 10 போர்டுக்கு முன்னாடி 20 ஹெல்மெட்டும் 20 செட் முட்டி, முழங்கை, மணிக்கட்டு கார்டும் வாங்குங்க. ரெண்டு பிள்ளைக்கு ஒரு போர்டு போதும், சொல்லப்போனா அதுதான் நல்லது. ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பக்கத்துல நடந்து கை கொடுக்கணும். 4 நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தி விடலாம். ஆனா கார்டை 4 நிமிஷத்துக்கு ஒரு தடவை கழட்டி மாட்ட முடியாது. ரெண்டாம் நாளே "பரவாயில்ல அண்ணா, இந்த ஒரு தடவை"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

போர்டு: 7, 8 வயசுக்கு டெக், அதாவது நிக்கிற பலகை, அகலம் 7 முதல் 7.4 அங்குலம். 9 முதல் 12 வரை 7.5 அங்குலத்தை ஒட்டி. 13, 14 வயசுல நல்லா வளர்ந்த பிள்ளைன்னா 8 அங்குலம். டிரக்கோட (பலகைக்கு அடியில சக்கரத்தைத் தாங்குற உலோகப் பாகம்) அச்சு நீளம் டெக் அகலத்துக்குச் சமமா இருக்கணும், கால் அங்குலம் முன்னபின்ன இருந்தா தப்பில்ல. பொம்மைக் கடையில கார்ட்டூன் படம் போட்டுத் தொங்குற போர்டைத் தயவுசெஞ்சு வாங்காதீங்க. டிரக் பிளாஸ்டிக், சக்கரம் வெறும் பிவிசி. கையால சுத்திவிட்டா ரெண்டு சுத்துல நின்னுடும். அதுல கத்துக்கிற பிள்ளை, குறை தன்கிட்டதான்னு நினைச்சு மூணாம் நாள் வரமாட்டா.

சக்கரம்: ஸ்கேட் பார்க்ல ஓட்டுறவங்க 52, 53 மிமீ, 99ஏ கடினம் (எண் கூடக் கூடக் கடினம்) போடுவாங்க. உங்க கோர்ட்டுக்கு அது வேண்டாம். 54 முதல் 56 மிமீ, 78ஏ முதல் 87ஏ வரைக்குள்ள மென்மையானதா வாங்குங்க. சின்ன மணல் மேல ஏறிப் போயிடும், அதிர்வும் குறைவு. 99ஏ சக்கரத்துக்கு ஒரு கடுகளவு கல் போதும், போர்டு அங்கேயே நிக்கும், பிள்ளை மட்டும் முன்னாடி போகும். சக்கரம் பெருசாகும்போது டிரக்குக்கும் டெக்குக்கும் நடுவுல 1/8 அங்குல ரைசர் (இடைவெளி கூட்டுற தட்டைத் துண்டு) போடணும். இல்லன்னா சாய்ஞ்சு திரும்பும்போது சக்கரம் டெக்கில் உரசி வண்டி டக்குனு நின்னுடும். ரைசர் போட்டா போல்ட்டும் 1 அங்குலத்துக்குப் பதிலா 1 1/8 வேணும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இப்போ ஆளு விஷயம். 20 பேருக்கு ரெண்டு பேர் போதவே போதாது. 8 வயசுக்குக் கீழே 4 பிள்ளைக்கு ஒருத்தர், அதுக்கு மேல 6 பிள்ளைக்கு ஒருத்தர். அதோட யாருக்கும் சொல்லித்தராம மொத்தக் கோர்ட்டையும் பார்த்துக்கிட்டு நிக்க ஒருத்தர். ஆக 5 பேர். எல்லாரும் கிக்ஃப்ளிப் மாதிரி குதிச்சுப் போர்டைச் சுழட்டுற வித்தை போடுறவங்களா இருக்கணும்னு இல்ல. பெற்றோர்ல ரெண்டு பேரை முதல் நாளுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பழக்கிட்டா, ஹெல்மெட் சரிபார்க்கவும் கை கொடுக்கவும் அவங்க போதும்.

அந்த ரெண்டு பசங்களைப் பத்தி ஒண்ணு. நல்லா ஓட்டுறவனுக்கு, தான் எப்படி ஓட்டுறோம்னே தெரியாது. வர்றதுக்கு முன்னாடி அவங்களை ஒரு சோதனை பண்ணிப் பாருங்க: ஒரு புஷ்ஷை, அதாவது காலால தரையைத் தள்ளுறதை, நடக்கிற வேகத்துல, நிறுத்தி நிறுத்திச் செஞ்சு காட்டச் சொல்லுங்க. அடுத்து வழக்கமா பின்னாடி இருக்கிற காலை முன்னாடி வச்சு, அதாவது அவங்க பழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓட்டச் சொல்லுங்க. அதைச் செய்யும்போதுதான் புதுசா ஏர்ற பிள்ளைக்கு எங்கே பயம் வருதுன்னு அவங்க உடம்புக்கே ஞாபகம் வரும். மாட்டேன்னு சொல்றவர் பெரிய பிள்ளைங்க பக்கம் போகட்டும், 7 வயசுக் குழு வேண்டாம்.

முதல் நாள் போர்டை கோர்ட்ல வைக்கவே வேண்டாம். புல்லுலயோ, கெட்டியான தென்னை நார் மிதியடி மேலயோ வைங்க, சக்கரம் நகராது. எந்தக் கால் முன்னாடின்னு பார்க்கிறதுக்கு முதுகுல தள்ளிவிடுற பழைய வித்தை பாதி நேரம் தப்பாப் போகும். ரெண்டு பக்கமும் 5 நிமிஷம் நிக்க விட்டு பிள்ளையையே சொல்லவிடுங்க. இடது கால் முன்னாடின்னா ரெகுலர், வலது கால் முன்னாடின்னா கூஃபி. ரெண்டுல எதுவும் தப்பில்லன்னு பெற்றோர் காதுபடச் சொல்லுங்க, "சோத்தாங்கால்தான் முதல்ல வைக்கணும்"னு ஒரு தாத்தா கட்டாயம் வருவார்.

ஏறும்போது முன் கால் முன் போல்ட் மேல. முதல்ல டெய்ல்ல, அதாவது போர்டோட பின்முனையில, காலை வச்சா போர்டு முன்னாடி பறக்கும், பின்மண்டை தரையில. முதல் நாள் நடக்கிற மோசமான விழுகை இதுதான். அதனால "முன்னாடி போல்ட், அப்புறம் பின்னாடி போல்ட்"னு பாட்டு மாதிரி சொல்லவச்சு ஏத்துங்க, இறக்கும்போது இதையே தலைகீழா.

புஷ் சொல்லித்தரும்போது ரெண்டு தப்பு திரும்பத் திரும்ப வரும். ஒண்ணு, முன் காலால தள்ளிட்டு பின் காலை போர்டு மேல வச்சிருக்கிறது. இதுக்கு மோங்கோன்னு பேரு. முதல் ரெண்டு நாள்ல திருத்தலன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம். இன்னொண்ணு, முட்டி மடங்காம நின்னுக்கிட்டே காலை எட்டி எட்டி வைக்கிறது. தள்ளுற கால் தரையைத் தொடணும்னா, போர்டு மேல இருக்கிற முட்டி மடங்கியே ஆகணும். "காலை நீட்டு"ன்னு கத்துறதை விட "முன் முட்டியை மடக்கு"ன்னு சொன்னா காரியம் ஆகும்.

புஷ்ஷுக்கு முன்னாடியே நிறுத்தக் கத்துக்கொடுங்க. எடை முழுக்க முன் காலில், பின் பாதம் தட்டையா தரையில உரசணும், மெதுவா அழுத்தம் கூட்டணும். குதிகாலைக் குத்தினா ஆளே சுத்திடும். டெய்லைத் தேய்ச்சு நிறுத்துறது உங்க கோர்ட்ல கூடவே கூடாது, அக்ரிலிக் பூச்சு கோடு கோடாப் போய் பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் இடம் தராது.

---

பட்டறைப்பாண்டி

சரிவு பத்தி மட்டும் சொல்றேன். 8-க்கு 4 அடி, 18 மிமீ பிளை ஒரே ஒரு ஷீட்ல முடியும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மெரைன் பிளை வாங்குங்க. சாதா பிளை கடல்காத்துக்கு ஒரு மழை தாண்டாது, ஓரம் வாய் பிளந்துடும்.

ஷீட்டை நடுவுல அறுத்தா ரெண்டு 4-க்கு 4. ஒண்ணு அப்படியே மேல் பலகை. இன்னொண்ணுல ஒரு அடி அகலத்துல 4 பட்டை. அதுல மூணு பட்டையைக் குறுக்கால மூலைக்கு மூலை அறுத்தா 6 முக்கோணம், 5 போதும். அதை 1 அடி இடைவெளில நிறுத்துங்க. நாலாவது பட்டை பின்பக்கப் பலகை. உயரம் 1 அடி, சரிவு 14 டிகிரி சொச்சம். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுக்கு மேல தேவையே இல்ல.

கோட்டை விடுறது கீழ் விளிம்புலதான். 18 மிமீ பிளையோட முனை தரையில ஒரு படி மாதிரி நிக்கும், சக்கரம் அங்க முட்டி நின்னுடும். வெல்டிங் பட்டறையில 2 மிமீ இரும்புத் தகடு 8 அங்குல அகலத்துல வெட்டி, லேசா வளைச்சு, தரைக்கும் பிளைக்கும் பாலமா போடுங்க. முனையை அரம் வச்சுத் தேய்ச்சு மழுங்கடிக்கணும். துளையைக் குடைஞ்சு, திருகோட தலை உள்ள பதியற மாதிரி அடிங்க. தினமும் காலையில உள்ளங்கையால ஒரு தடவு தடவிப் பாருங்க, ஏதாவது ஒரு திருகு தலை நீட்டிக்கிட்டு நிக்கும். வெயில்ல இந்தத் தகடு சுடும், 9 மணிக்கு மேல ஒரு ஈரச் சாக்கு போட்டு வைங்க.

அடியில பழைய டயர் டியூப் ரப்பர் துண்டு ஒட்டலன்னா, பிள்ளை ஏறும்போது முழு சரிவும் பின்னாடி நகரும். காம்பவுண்டு சுவரை ஒட்டியும் போடாதீங்க. மேல வரை வந்துட்ட பிள்ளை நேரா சுவர்ல. பின்னாடி 3 மீட்டராவது காலி இடம், அங்க ஒரு ஆள்.

---

கட்டுமாவு

பிசியோ. முன்னாடி சொன்னவங்க விட்ட சிலது.

ஹெல்மெட்: பைக் ஹெல்மெட் வேண்டாம், கனம் அதிகம், கழுத்துக்கு ஆகாது, பக்கவாட்டுப் பார்வையும் போயிடும். இஎன் 1078 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1492 முத்திரை இருக்கணும். இரண்டாவது ஸ்கேட்போர்டுக்கென்றே உள்ள தரம், பல தடவை அடிபடுறதைக் கணக்குல வச்சது. சைக்கிள் வகையில உள்ள தெர்மாகோல் ஒரு பலமான அடியோட சரி. வெளியே கீறல்கூட இல்லன்னாலும் மாத்திடணும். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே பட்டை 'வி' மாதிரி சேரணும், தாடைக்குக் கீழே ஒரு விரல் மட்டும் போகணும். பெண் பிள்ளைகளுக்கு உச்சிக் குதிரைவால் கூடாது, ஹெல்மெட் தூக்கிக்கிட்டு நெற்றி திறந்துடும். கழுத்தை ஒட்டித் தாழ்வா ஒத்தைப் பின்னல். கிளிப், பூ எதுவும் உள்ள இருக்கக்கூடாது. ஹெல்மெட்டைப் பகிர்ந்தா பேன் தொத்தலாம், ஆளுக்கு ரெண்டு பருத்திக் குல்லா வாங்கிக் கொடுங்க.

ஷூ: பள்ளிக்கூட வெள்ளை கேன்வாஸ் ஷூ அருமையா இருக்கும், அடி தட்டை. மெத்து மெத்துன்னு குதிகால் உயர்ந்த ஓட்ட ஷூதான் ஆபத்து, போர்டு எங்க சாயுதுன்னு பாதத்துக்கே தெரியாது. லேஸ் முடிச்சை உள்ள சொருகிடுங்க, சக்கரத்துல சுத்திக்கும்.

ஸ்கேட்போர்டுல அதிகம் உடையறது மணிக்கட்டும் முன்கையும். விழும்போது கையை நேரா ஊன்றதுதான் காரணம். முதல் நாள் புல்தரையில அரை மணி நேரம் விழ மட்டும் பழக்குங்க: முட்டியை மடக்கித் தாழ்ந்து, கையை மார்போட சேர்த்து, தோள் பக்கமா உருளணும். சரிவுல வழுக்கினா முட்டிக் கார்டு மேலயே சறுக்கி இறங்கணும். கார்டோட பிளாஸ்டிக் மூடி அதுக்குத்தான்.

கை வீங்கிருந்தா, விரலை அசைக்க முடிஞ்சாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். பிள்ளைகளுக்கு எலும்பு முனையில வளர்ச்சித் தட்டு இருக்கு. அங்க முறிஞ்சதைக் கவனிக்காம விட்டா கை வளைஞ்சு வளரலாம். எண்ணெய் போட்டு நீவுறது, புத்தூர் கட்டு எதுவும் எக்ஸ்ரேக்கு முன்னாடி வேண்டாம். அட்டையை மடிச்சு அணை கொடுத்து, துப்பட்டாவுல தூளி கட்டி அனுப்புங்க.

தலையில அடிபட்டா, பிள்ளை "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாலும் அன்னைக்கு ஓட்டு முடிஞ்சது. இதுல சொல்லித்தர்றவர், பெற்றோர், பிள்ளை யார் கெஞ்சினாலும் விடக்கூடாது. வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு இதுல எது இருந்தாலும் உடனே 108.

---

ஈசிஆர்_வாசி

எல்லாருக்கும் நன்றி. பட்டறைப்பாண்டி அண்ணா, ஷீட் கணக்கு அப்படியே தச்சர்கிட்ட கொடுத்துட்டேன். நாலுசக்கரம் அண்ணா, பசங்க ரெண்டு பேரும் 10-வது நாள் பெற்றோர் முன்னாடி எல்லாரையும் ட்ராப்-இன் (ராம்ப் உச்சியில இருந்து போர்டோட கீழே இறங்குறது) பண்ண வைக்கலாம்னு சொல்றாங்க, 3 அடி ராம்ப் ஒண்ணு வாடகைக்குக் கிடைக்குதாம். சரியா வருமா?

---

நாலுசக்கரம்

எல்லாரையும்னு சொல்றதுதான் உதைக்குது. 20 பேர்ல அஞ்சாறு பேர் தானாகவே கேட்பாங்க. அவங்களுக்கு மட்டும்.

10 நாள்ல ஒரு நியாயமான இலக்கு: தள்ளுறது, நிறுத்துறது, உடம்பைச் சாய்ச்சுத் திரும்புறது, டிக்-டாக் (முன்முனையை இடம் வலமா மாத்தி மாத்தித் திருப்பி நகர்றது), சமதரையில 90 டிகிரி கிக்டர்ன் (முன் சக்கரத்தைத் தூக்கித் திரும்புறது), ஒரு அடிச் சரிவுல ஏறி கிக்டர்ன் போட்டு இறங்குறது. இதுல நாலு நாள் புஷ்ஷுக்கும் திருப்பத்துக்குமே போயிடும், போகட்டும். ஓலி, அதாவது போர்டோட சேர்ந்து குதிக்கிறது, கேட்பாங்க. 11 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஏழாம் நாளுக்கு அப்புறம் மிதியடி மேல வச்சுக் காட்டலாம். ரெண்டு காலையும் ஒண்ணா உதைச்சு எழும்பாம, பின் கால் டெய்லைத் தட்டின உடனே முன் காலோட வெளிப்பக்கம் மேல் நோக்கி இழுக்கணும். வராது. வரணும்னும் இல்ல.

ட்ராப்-இன்ல விழறதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, பின்னாடி சாயறது. போர்டு முன்னாடி போக ஆள் பின்னாடி விழுவார். முன் காலை முன் போல்ட் மேல வச்சு, தோளோட சேர்த்து கீழே அழுத்தணும், நாலு சக்கரமும் ராம்ப்பைத் தொடறவரை. கை கொடுக்கிறவர் பிள்ளையோட மார்புப் பக்கம், ஒரு எட்டு கீழே நிக்கணும், போர்டு போற பாதையில இல்ல. உள்ளங்கையை மேல் நோக்கி நீட்டி, பிள்ளை பிடிக்கட்டும். நாம பிடிச்சு இழுக்கக்கூடாது, இழுத்தா பிள்ளை தன்னையறியாம பின்னாடிதான் சாயும். "மூணு எண்ணித் தள்ளிவிடுறேன்"ன்னு சொல்லிட்டு ரெண்டுலயே தள்றவரை ராம்ப் பக்கம் விடாதீங்க. வீடியோவுக்கு வேடிக்கையா இருக்கும், அந்தப் பிள்ளை அப்புறம் யார் கையையும் நம்பாது.

கோர்ட்ல போக்குவரத்து: 28-க்கு 15 மீட்டர்னா 3 மீட்டர் அகலத்துல 5 தடம் சாக்பீஸ்ல கோடு போடுங்க. 5 பேர் ஒரே திசையில, எல்லாரும் சேர்ந்த பிறகு அடுத்த 5 பேர். திரும்பி வர்றவங்க போர்டைக் கையில தூக்கிக்கிட்டு ஓரமா நடக்கணும். போர்டு கைவிட்டுப் போனா "போர்டு!"ன்னு கத்தணும், துரத்தி ஓடக்கூடாது.

---

வெண்ணிலா_டீச்சர்

யாரும் தொடாத ஒண்ணு. சொல்லித்தர வர்றவங்க பிள்ளைகளைத் தொட வேண்டியிருக்கும், அதனால விதி முன்னாடியே எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. கை, முன்கை மட்டும், அதுவும் "பிடிக்கட்டுமா"ன்னு கேட்டுட்டு. இடுப்பைப் பிடிச்சுத் தூக்குறது கிடையாது. கார்டு பட்டையைப் பிள்ளையே மாட்டணும், 7 வயசுக்குக்கூட ரெண்டாம் நாள்ல வந்துடும். எந்த நேரமும் பிள்ளையோட தனியா ஒரு பெரியவர் இருக்கக்கூடாது, குறைஞ்சது ரெண்டு பேர் கண்ணுக்குத் தெரியற இடத்துல. ஒரு பெண்ணாவது சொல்லித்தர்றவங்கள்ல இருக்கணும், பெண் பிள்ளைகளோட எண்ணிக்கையே அதைப் பொறுத்துதான் இருக்கும். சொல்லித்தர்றவங்க பிள்ளைகளோட நம்பரை வாங்குறதும் சொந்த போன்ல படம் எடுக்கிறதும் கூடாது. ஏதாவது சந்தேகம் வந்தா போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி போலீஸ்ல சொல்லியே ஆகணும், "நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்"ங்கிற பேச்சுக்கே இடமில்ல. 1098 குழந்தைகள் உதவி நம்பரைக் கோர்ட் சுவர்ல பிள்ளைங்க கண்ணுயரத்துல ஒட்டுங்க.

காபூல்ல 2007-ல தொடங்கின ஸ்கேட்டிஸ்தான்ங்கிற பிள்ளைங்க ஸ்கேட்போர்டு அமைப்புல, கத்துக்க வந்த பிள்ளைகளே வளர்ந்து அங்கேயே சொல்லித்தர்றவங்களா ஆனாங்க. உங்க 13, 14 வயசுப் பிள்ளைங்க ரெண்டு பேரை உதவிக்கு எடுங்க, ஹெல்மெட் சரிபார்க்கிற வேலை மட்டும். அடுத்த வருஷம் உங்களுக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

ரோலர் ஸ்கேட்டிங்னு நினைச்ச பெற்றோருக்கு: டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவுல தங்கம் வாங்கின மோமிஜி நிஷியாவுக்கு 13 வயசு. இதைச் சொன்னா பாதிப் பேர் சமாதானம் ஆவாங்க. மீதிப் பாதி அடுத்த ஒலிம்பிக்ஸுக்குத் தேதி கேட்பாங்க, அவங்களைத்தான் சமாளிக்கணும்.

---

ஈசிஆர்_வாசி

டீச்சர், நன்றி. விதிகளை இன்னைக்கே எழுதிடறேன். கடைசியா ஒண்ணு: போர்டு வந்துடுச்சு. 25 கிலோ பிள்ளை ஏறி நின்னு எவ்வளவு சாய்ஞ்சாலும் திரும்ப மாட்டேங்குது. பெரியவங்க ஏறினா திரும்புது. டிரக்ல கோளாறா?

---

பட்டறைப்பாண்டி

கோளாறு இல்ல. டிரக்கோட கூட வர்ற புஷிங் (சாய்ஞ்சு திரும்ப விடுற ரப்பர் மாதிரி வளையம்) பெரும்பாலும் 90ஏ-க்கு மேல, 25 கிலோவுக்கு அது கல்லு. கிங்பின் (டிரக் நடுவுல புஷிங்கைப் பிடிச்சிருக்கிற பெரிய போல்ட்) நட்டைக் கால் சுத்து கால் சுத்தா தளர்த்திப் பாருங்க, ஆனா நட்டுக்குள்ள இருக்கிற நைலான் வளையத்தைத் தாண்டி போல்ட் முனை கொஞ்சமாவது வெளியே தெரியணும். தெரியலன்னா ஓட்டத்துல நட்டு கழண்டு விழும். அப்பவும் திரும்பலன்னா 80 முதல் 85ஏ மென்மையான புஷிங் தனியா வாங்கி, சின்னப் பிள்ளைங்க போர்டுக்கு மட்டும் மாத்துங்க. அந்தப் போர்டுல பெரிய பையன் ஏறி வேகமா போனா ஆடும், அதனால பெயின்ட்ல குறி போட்டுப் பிரிச்சு வைங்க.

சாவி: டெக் நட்டுக்கு 3/8, சக்கர நட்டுக்கு 1/2, கிங்பின்னுக்கு 9/16. எல்லாம் அங்குலக் கணக்கு. டி வடிவ ஸ்கேட் டூல் ஒண்ணுலயே மூணும் இருக்கும், ரெண்டு வாங்குங்க, ஒண்ணு எப்படியும் தொலையும். சக்கர நட்டை முழுசா இறுக்கிட்டுக் கால் சுத்து திருப்பி விடணும், சக்கரம் அச்சுல மயிரிழை ஆடணும். பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீங்க, பிசினாயிடும். டபிள்யூடி-40 இருக்கிற கிரீஸையும் கழுவிடும். மண் புகுந்து கரகரன்னா கழட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல அலசி, நல்லாக் காய வச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. முகாம் முடிஞ்சதும் போர்டை சிமென்ட் தரையில அடுக்காம சுவர்ல மாட்டி வைங்க.